சொல்லாமல் விட்ட ஒரு மடிப்பு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் சமுதாய வள பயிற்றுநர் ஒருவர் பேசியது)



எனக்குப் பேசக் கொடுத்த தலைப்பு "குழுவால் நான் அடைந்த முன்னேற்றம்". போன வருஷமும் இதே தலைப்புதான். கறவை மாடு வாங்கினதையும் தையல் மிஷின் வாங்கினதையும் எத்தனை தடவை கேட்பீங்க? அதனால் தலைவி அம்மாகிட்ட அனுமதி வாங்கிட்டு வேற விஷயம் பேச வந்திருக்கேன். என் வீட்டில் நடந்த ரெண்டு வைத்தியத்தைப் பத்திப் பேசப் போறேன். ஒன்று என் பேத்தியின் இடுப்பு மூட்டு. இன்னொன்று என் அக்காவுக்கு வைத்த கரண்ட். கரண்ட் என்றால் புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர்வீச்சு, நம்ம பக்கம் அதைக் கரண்ட் வைக்கிறதுன்னுதான் சொல்றோம். ரெண்டிலும் தப்பு செய்தது நான்தான். அதை மறைக்காமல் சொல்றதா இருந்தால்தான் இந்த மைக்கைப் பிடிக்கணும்னு நினைச்சுக்கிட்டு வந்தேன்.

2014-ல் என் மகளுக்குத் தலைப்பிரசவம். கடைசி மாசம் வரைக்கும் குழந்தை தலை திரும்பவே இல்லை, குண்டி கீழேயும் தலை மேலேயுமாக உட்கார்ந்திருந்தது. ஆபரேஷன் செய்துதான் எடுத்தாங்க. பெண் குழந்தை. நல்ல எடை, நல்ல அழுகை. பதினோராம் நாளிலிருந்து நான்தான் குளிப்பாட்டினேன். நம்ம ஆயாங்க செய்த மாதிரி காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால் மேல் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றுவது. மூன்றாம் மாசம் ஒரு நாள் குப்புறப் போட்டுத் துடைக்கும்போது பார்த்தேன். வலது தொடையின் பின்பக்கம் ரெண்டு மடிப்பு. இடது தொடையில் மூணு. துணி மாற்றும்போது வலது கால் பூ மாதிரி விரியும், இடது கால் பாதியிலேயே நின்றுவிடும்.

என் கைக்கு அது தெரிந்தது. வாய்க்குத்தான் வரவில்லை. "பொட்டப் புள்ளைக்குக் கால்ல குறைன்னு நானே கிளப்பி விடணுமா? சம்பந்தி வீட்டுல இன்னா சொல்லுவாங்க? நாளைக்கு ஊர்ல நொண்டின்னு பேரு வெச்சுட்டா?" இதுதான் என் மனசில் ஓடியது. மகள்கிட்டகூடச் சொல்லவில்லை. எண்ணெய் தேய்த்து நல்லா நீவிவிட்டால் சரியாகிவிடும் என்று தினமும் அந்தக் காலை நீட்டி இழுத்துவிட்டேன். அப்படி இழுக்கவே கூடாது என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

இடுப்பு மூட்டு எப்படி இருக்கும் என்று எழும்பூரில் ஒரு டாக்டரம்மா எனக்குப் படம் போட்டுக் காட்டினாங்க. நான் அதை நம்ம வீட்டுப் பொருளில் சொல்றேன். ஆட்டுக்கல் இருக்கு இல்லையா, அதில் ஒரு குழி, குழிக்குள்ள குழவி. தொடை எலும்பின் மேல்நுனி உருண்டையா குழவி மாதிரி இருக்கும். இடுப்பு எலும்பில் அதற்கேற்ற குழி இருக்கும். பிறந்த குழந்தைக்கு இந்தக் குழி பெரும்பாலும் குருத்தெலும்புதான், மெத்துன்னு இருக்கும். உருண்டை உள்ளேயே இருந்து அசைய அசையத்தான் குழி சரியான ஆழத்துக்கு உருவாகும். உருண்டை குழியை விட்டு விலகி வெளியே இருந்தால் குழி ஆழமாகாது, மேட்டுத்தரை மாதிரி ஆகிவிடும். அப்புறம் நீங்களே பிடித்து உள்ளே வைத்தாலும் நிற்காது, வழுக்கி வெளியே வரும். நாள் ஆக ஆக வைத்தியம் பெரிசாவதற்கு இதுதான் காரணம்.

இந்த விலகல் ஆயிரம் குழந்தைகளில் ஒன்றிரண்டுக்குத்தான் வரும். ஆனால் பெண் குழந்தைக்கு, ஆண் குழந்தையைவிட நாலைந்து மடங்கு அதிகம். தலைச்சன் குழந்தைக்கு அதிகம். தலை திரும்பாமல் பிறந்ததற்கு அதிகம். குடும்பத்தில் யாருக்காவது இருந்திருந்தால் அதிகம். இடது பக்கம்தான் அதிகம். என் பேத்தி பெண், தலைச்சன், தலை திரும்பாதவள், இடது கால். எல்லாம் பொருந்தியிருக்கு, பார்த்துக்கங்க.

ஆறு மாசத்துக்குள்ள கண்டுபிடித்தால் கத்தியே வேண்டாம். செக் நாட்டு டாக்டர் பாவ்லிக் என்பவர் கண்டுபிடித்த ஒரு துணிவார் இருக்கிறது. தோளிலிருந்து பாதம் வரை வார் போட்டு, ரெண்டு காலும் மடங்கி விரிந்த மாதிரி வைத்திருக்கும், தவளை உட்காருமே அந்த மாதிரி. இரவும் பகலும் சில வாரம் போட்டிருந்தால் பெரும்பாலான குழந்தைக்கு உருண்டை குழியில் உட்கார்ந்துவிடும். ஆறு மாசம் தாண்டினால் மயக்கம் கொடுத்து, அறுக்காமலே கையால் அமர்த்தி, மாவுக்கட்டு போடுவாங்க. ஒன்றரை வயசு தாண்டினால் பெரும்பாலும் ஆபரேஷன்தான்.

நாங்கள் போனது ரெண்டு வயசு தாண்டி.

நடுவில் ஒன்றுமே செய்யவில்லை என்று இல்லை. பேத்தி பதினேழு மாசத்தில்தான் நடந்தாள். நடக்கும்போதே இடது பக்கம் ஒரு சாய்வு. அப்போதும் நான், "ஆணியில மிதிச்சுட்டா போல" என்றேன். ஒரு டாக்டர்கிட்ட காட்டினோம், "நடக்க நடக்கச் சரியாயிடும், சத்து டானிக் குடுங்க" என்று அனுப்பினார். இன்னொரு இடத்தில் நாட்டுக் கட்டு போட்டோம், முட்டையும் பச்சிலையும் வைத்து மூங்கில் பத்தை கட்டி. நாலு கட்டு. எலும்பு முறிந்திருந்தால்தானே கட்டு? இங்கே முறிவே இல்லை. அங்கன்வாடிக்கு வந்த மருத்துவக் குழுதான் கடைசியில் பிடித்தது. ஆர்.பி.எஸ்.கே. என்று சொல்லுவாங்களே, 2013-ல் வந்த குழந்தைகள் நலத்திட்டம், வருஷத்துக்கு ரெண்டு தடவை அங்கன்வாடிக்கு டாக்டரும் நர்சும் வருவாங்க. முப்பது வகைக் குறைகளை அவங்க பார்க்கணும், அதில் இந்தப் பிறவி இடுப்பு விலகலும் ஒன்று. அந்த டாக்டர் குழந்தையைப் படுக்க வைத்து, ரெண்டு முழங்காலையும் மடக்கி, பாதத்தை ஒன்றாகப் பாய் மேல் வைத்தாங்க. ஒரு முழங்கால் மேலே, ஒரு முழங்கால் கீழே. அவ்வளவுதான், அரை நிமிஷம்.

"இதை யாருமே கவனிக்கலையா?" என்று அந்த அம்மா கேட்டபோது என் மகள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரிதான் மகளிடம் சொன்னேன், மூணாம் மாசமே பார்த்தேன் என்று. அவள் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூணாம் நாள் அவளே வந்து, "யம்மா, பணம் எவ்ளோ வேணும்னு குழுவுல கேளு" என்றாள்.

எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையில்தான் ஆபரேஷன் நடந்தது. 2012 ஜனவரியில் வந்த திட்டம் அது. இப்போது ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம் எல்லாம் சேரலாம். அட்டை இல்லாதவங்க யாராவது இந்தப் பந்தலில் இருந்தால், வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டு மையத்தில் போட்டோ எடுத்துக்கங்க. நோய் வந்த பிறகு அலையாதீங்க. ஆனால் அட்டை ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான். பஸ்ஸுக்கு, சாப்பாட்டுக்கு, கூட இருக்கிறவங்க கூலி போனதுக்கு யார் கொடுப்பா? அதற்கு என் குழுதான் கொடுத்தது. தீர்மான நோட்டில் எழுதி 15,000 ரூபாய் உள்கடன். ஒரு அக்கா மட்டும், "ஆஸ்பத்திரிக்குக் குடுத்த பணம் திரும்புமா? மாடு வாங்கினா பால் வரும், இதுல இன்னா வரும்?" என்று கேட்டது. கேட்டது தப்பில்லை, குழுப் பணம். பதினெட்டு மாசத்தில் வட்டியோடு கட்டினேன்.

ஆபரேஷனில் என்ன செய்தாங்க என்று தெரிந்துகொள்ள உங்களுக்கும் ஆசை இருக்கும். மூட்டைத் திறந்து, குழியில் நிறைந்திருந்த கொழுப்பையும் தசைநாரையும் எடுத்துவிட்டு, உருண்டையை உள்ளே வைத்தாங்க. குழியின் மேல்கூரை சரிவாக இருந்ததால், இடுப்பு எலும்பை ஓரிடத்தில் வெட்டி முன்னால் திருப்பி, அவளுடைய எலும்பிலிருந்தே எடுத்த ஒரு சிறு துண்டை ஆப்பு மாதிரி அந்த இடைவெளியில் வைத்துக் கம்பி போட்டாங்க. கூரை இறங்கி உருண்டையை மூடிக்கொள்ளும். கனடா நாட்டு டாக்டர் ராபர்ட் சால்ட்டர் 1961-ல் எழுதிவைத்த முறையாம். சில குழந்தைக்குத் தொடை எலும்பையும் கொஞ்சம் குறைத்துத் தகடு வைப்பாங்க. இவளுக்கு அது தேவைப்படவில்லை. கம்பியைச் சில மாசம் கழித்து எடுத்தாங்க.

டாக்டர் வேலை அன்றைக்கே முடிந்தது. நம்ம வேலை அன்றைக்குத்தான் ஆரம்பம். நெஞ்சுக்குக் கீழிருந்து இடது கணுக்கால் வரைக்கும், வலது பக்கம் முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு. ரெண்டு காலுக்கும் நடுவில் ஒரு குச்சி. அந்தக் குச்சியைப் பிடித்துக் குழந்தையைத் தூக்கக் கூடாது, கட்டு உடைந்துவிடும். ஒரு கை முதுகுக்குக் கீழ், ஒரு கை புட்டத்துக்குக் கீழ். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை குப்புற, மல்லாக்க, பக்கவாட்டில் என்று மாற்றிப் படுக்க வைக்கணும், ராத்திரியிலும். இல்லாவிட்டால் குதிகாலிலும் முதுகெலும்பு முனையிலும் புண் வரும். ஒண்ணுக்குப் போவதற்கு விட்ட இடைவெளியில் சின்ன பேடைக் கட்டின் ஓரத்துக்கு உள்ளே செருகி, மேலே பெரிய பேடு கட்டணும். ஈரமானால் உடனே மாற்றணும். மாவுக்கட்டு ஒரு தடவை ஊறிவிட்டால் நாத்தம் போகாது, உள்ளே தோல் வெந்துவிடும்.

வெயில் காலத்தில் அரிப்பு தாங்காமல் குழந்தை கத்தும். ஸ்கேல், துடைப்பக் குச்சி, ஸ்வெட்டர் ஊசி எதையும் உள்ளே விட்டுச் சொறியாதீங்க. பவுடர் கொட்டாதீங்க, வேர்வையில் கட்டியாகி உறுத்தும். விசிறியால் ஓரத்தில் வீசுங்க, கட்டுக்கு மேலே விரலால் தட்டுங்க, அந்த அதிர்விலேயே அடங்கும். வயிறு முட்டக் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி ஊட்டுங்க, கட்டுக்குள் வயிறு உப்ப இடம் கிடையாது. தினமும் கால் விரலைப் பாருங்க. நீலமானாலும் வெளுத்தாலும் வீங்கினாலும் சில்லிட்டாலும், கட்டுக்குள்ளிருந்து கெட்ட நாத்தம் வந்தாலும், காரணம் தெரியாமல் காய்ச்சல் வந்தாலும் அடுத்த நாள் வரை காத்திருக்காதீங்க.

அந்த மூணு மாசத்தில் என் பேத்தியின் தோலில் ஒரு புண் வரவில்லை. இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கறேன். அந்தப் பெருமைதான் அடுத்ததில் என்னைக் கவிழ்த்தது.

என் அக்காவுக்கு மார்பில் கட்டி. ஒரு வருஷம் மறைத்திருக்கு. குளிக்கிற இடத்தில் தனியா அழுதுட்டு வெளியே வந்து சிரிச்சிருக்கு. அக்காவுக்கும் எனக்கும் ஒரே இரத்தம்னு அப்போதான் புரிந்தது, நான் மடிப்பை மறைத்தேன், அது கட்டியை மறைத்தது. 2018-ல் புதுச்சேரி ஜிப்மரில் சேர்த்தோம். மார்பை எடுத்தாங்க, கீமோ கொடுத்தாங்க, அடுத்த வருஷம் கதிர்வீச்சு. இருபத்தைந்து நாள், திங்கள் முதல் வெள்ளி வரைக்கும், அஞ்சு வாரம். நம்ம ஊரிலிருந்து செஞ்சி, செஞ்சியிலிருந்து திண்டிவனம், அங்கிருந்து பாண்டிச்சேரி பஸ் ஏறினால் கோரிமேட்டிலேயே இறங்கிக்கலாம், ஊருக்குள் போக வேண்டியதில்லை. ஆனாலும் தினமும் போய்வர முடியாது. இலவச பஸ் எல்லாம் அப்போது கிடையாது, இப்போதும் டவுன் பஸ்ஸுக்குத்தான். கோரிமேட்டில் ஒரு அறை எடுத்துத் தங்கினோம். ஆபரேஷனுக்குக் கடன் கொடுக்காதேன்னு சொன்ன அதே அக்கா, ரெண்டு தடவை புளிசாதம் கட்டிக்கிட்டு திண்டிவனம் பஸ் பிடித்து வந்தது. "மாட்டுப்பால் வித்த காசுடி" என்று 500 ரூபாயை என் கையில் திணித்தது.

கரண்ட் வைக்கும்போது வலிக்காது, சுடாது. ஒரு ரூமில் தனியா படுக்க வைத்துக் கதவைச் சாத்துவாங்க, கேமராவில் பார்த்துக்கிட்டே இருப்பாங்க, சில நிமிஷத்தில் முடிந்துவிடும். வெளியே வந்ததும் குழந்தையைத் தூக்கலாம், பக்கத்தில் படுக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். உடம்பில் எதுவும் ஒட்டிக்கிட்டு வராது. இது தெரியாமல் எங்க ஊரில் ஒருத்தி அக்கா உட்கார்ந்த திண்ணையைக் கழுவிவிட்டாள். அவளுக்காகவும்தான் இதைச் சொல்றேன்.

முதல் ரெண்டு வாரம் தோலில் ஒன்றும் இல்லை. "பாரு, எனக்கு ஒண்ணும் ஆவல" என்றது அக்கா. மூணாவது வாரம் சிவந்தது, அப்புறம் கருத்தது, அரித்தது. ஏன் இப்படித் தாமதமா வருது என்று டெக்னீஷியன் தம்பி சொன்னது எனக்கு நாத்தங்கால் மாதிரி புரிந்தது. தோலுக்கு அடியில் புதுத் தோல் முளைக்கும் அடுக்கு இருக்கு. அதுதான் நாத்தங்கால். வேகமாகப் பெருகும் புற்று அணுக்களை அழிக்கிற கதிர், வேகமாகப் பெருகும் அந்த நாத்தங்காலையும் காயவைக்குது. மேலே இருக்கும் பழைய தோல் உதிர்கிற வரைக்கும் தெரியாது. உதிர்ந்ததும் நட்டுவைக்க நாத்து இருக்காது. அதனால்தான் கரண்ட் முடிந்த பிறகும் ஒரு வாரம், பத்து நாள் தோல் இன்னும் மோசமாகும். பயப்படக் கூடாது. பிறகு மூணு நாலு வாரத்தில் பெரும்பாலும் ஆறிவிடும்.

இங்கேதான் என் தப்பு. அது மாசி மாசம். நம்ம அங்காளம்மனுக்கு மயானக்கொள்ளை. அக்கா பிறந்ததிலிருந்து ஒரு வருஷம் தவறியதில்லை. "இந்த வருஷம் அவளாலதான் உசுரோட இருக்கேன், போகாம எப்படி இருப்பேன்?" என்றது. எனக்கும் ஆசை. சனிக்கிழமை ஊருக்கு வந்தவர்கள் செவ்வாய், புதன் என்று தங்கிவிட்டோம். மூணு நாள் கரண்ட் போச்சு. கூட்டத்தில், வெயிலில், அக்குளும் மார்பும் உரச உரச நின்றது அக்கா. ராத்திரி பார்த்தால் அக்குளில் தோல் உரிந்து ஈரம். மாவுக்கட்டில் புண் வராமல் பார்த்துக்கிட்டவள் ஆச்சே நான்! பசுமஞ்சளை அரைத்து, வேப்பிலையும் தேங்காய் எண்ணெயும் சேர்த்துப் பத்து போட்டேன். மேலே திருநீறு. விடியற்காலை அக்கா அலறிய அலறல் இன்னும் காதில் இருக்கு. மஞ்சள் காய்ந்து தோலோடு ஒட்டிக்கிச்சு. பிய்த்தால் தோலும் சேர்ந்து வந்தது. அங்கே போட்டிருந்த மைக்கோடும் போச்சு.

ஜிப்மரில் பார்த்துட்டு, சீழ் வைத்திருக்கு, ஆறுகிற வரைக்கும் நிறுத்தணும் என்றாங்க. எட்டு நாள். அந்த எட்டு நாளும் நான் தூங்கவில்லை, ஏன்னா நர்சம்மா ஒரு வார்த்தை சொன்னாங்க: "நீங்க லீவு எடுத்தா கேன்சரும் லீவு எடுக்குமாம்மா?"

அவங்க சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொல்றேன். கரண்ட் வைக்கும் இடத்தைக் கழுவலாம், கழுவவே கூடாது என்பது பழைய பேச்சு. வெதுவெதுப்பான தண்ணி, வாசனை இல்லாத மிதமான சோப்பு, கையாலேயே. பீர்க்கங்கூடு, சீயக்காய், பயத்தமாவு கூடாது. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்கணும். மைக்கோடு அழிந்துபோனால் நாமே பேனாவால் போட்டுடக் கூடாது, போய்ச் சொன்னால் அவங்களே போடுவாங்க. கோடு ஒரு விரல்கடை தள்ளினாலும் கதிர் வேற இடத்தில் விழும். மஞ்சள், குங்குமம், திருநீறு, பவுடர், தைலம், எண்ணெய் எதுவும் அந்த இடத்தில் வேண்டாம். அம்மன் குங்குமத்தை நெத்தியில் வையுங்க, அவ கோச்சுக்க மாட்டா. வெந்நீர் ஒத்தடமும் கூடாது, ஐஸும் கூடாது. அக்குள் முடியை பிளேடால் எடுக்காதீங்க. பிளாஸ்திரி ஒட்டாதீங்க, பிய்க்கும்போது தோல் வரும். களிம்பு டாக்டர் எழுதிக் கொடுத்தது மட்டும், கரண்டுக்குப் போவதற்குக் கொஞ்சம் முன்னால் பூசாமல்.

துணி விஷயத்தை ஆம்பளை டாக்டருங்க சொல்ல மாட்டாங்க, அதனால் நான் சொல்றேன். மார்புக்கு வைத்தால் உள்பாடியும் இறுக்கமான ஜாக்கெட்டும் வேண்டாம். வீட்டுக்காரருடைய பழைய பருத்திச் சட்டை ரொம்ப நல்லது. கழுத்துக்கு வைத்தால் தாலிக்கயிறு உரசும், மஞ்சள் கயிறு வேர்வையில் நனைந்து அறுக்கும். கழட்டிப் பத்திரமா வைக்கிறது பாவம் இல்லை. கர்ப்பப்பை வாய்க்கு, அடிவயிற்றுக்கு வைத்தால் பாவாடை நாடாதான் எதிரி. நாடா கட்டுகிற வரிசையிலேயே தோல் கிழியும். அந்த அஞ்சு வாரமும் நைட்டியிலேயே இருங்க. தொடை இடுக்கில் ஈரம் நிற்கவிடாதீங்க. வெயிலில் போனால் முந்தானையால் மூடிக்கங்க, குடை பிடிங்க. கரண்ட் முடிந்த பிறகும் அந்த இடம் ரொம்ப நாளைக்கு வெயில் தாங்காது, களையெடுக்கப் போகிறவங்க ஞாபகம் வைக்கணும். கொப்புளம், ஈரம், சீழ், காய்ச்சல் வந்தால் மறைக்காமல் அன்றைக்கே காட்டணும். கரண்ட் நடக்கும் நாளில் விரதமும் இருக்காதீங்க. முட்டை, பருப்பு, மோர், நிறையத் தண்ணி. புதுத் தோல் முளைக்கச் சோறு வேண்டும்.

அக்கா மீதிக் கரண்டையும் முடித்தது. இன்றைக்கு அதோ, மூணாவது வரிசையில் பச்சைப் புடவையில் உட்கார்ந்திருக்கு. என்னைப் பற்றி ஏன் மைக்கில் பேசறேன்னு முறைக்குது. பேசட்டுமான்னு கேட்டுட்டுத்தான் பேசறேன்.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைக் கேள்விப்பட்டிருப்பீங்க. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆரம்பித்தது. அவங்களுடைய தங்கச்சி சின்ன வயசிலேயே புற்றுநோயில் இறந்துட்டாங்க, அந்தத் துக்கத்தில் ஆரம்பித்தது. 1954-ல் திறந்தாங்க. அதற்குப் பணம் திரட்டியது இந்திய மாதர் சங்கம், பொம்பளைங்க சங்கம். இன்றைக்கும் அந்த மருத்துவமனையின் பேரோடு சங்கத்தின் பேர் ஒட்டிக்கிட்டு இருக்கு. நாம சந்தா கட்டறோம், அவங்களும் சந்தா கட்டியிருப்பாங்க. முப்பது வயசு தாண்டின எல்லாரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பையும் கர்ப்பப்பை வாயையும் ஒரு தடவை சோதித்துக்கங்க. காசு கிடையாது, பத்து நிமிஷம். கூச்சமா இருந்தால் குழுவோட போங்க, பன்னிரண்டு பேர் ஒண்ணா போனால் கூச்சம் எங்கே இருக்கு?

மறுபடியும் குழந்தைக்கு வரேன், ரெண்டு விஷயம் பாக்கி. ஒன்று, நம்ம பழக்கத்தில் நல்லதும் இருக்கு. குழந்தையை இடுப்பில் காலை விரித்து வைத்துத் தூக்குகிறோமே, அது மூட்டுக்கு ரொம்ப நல்லது, உருண்டை குழியிலேயே உட்காரும். காலை நீட்டிச் சேர்த்து இறுகச் சுற்றுவதுதான் கெடுதி. ஜப்பானில் அந்தப் பழக்கம் இருந்ததாம். 1975 வாக்கில் நாடு முழுக்கப் பிரசாரம் செய்து நிறுத்தினாங்க, இடுப்பு விலகல் பல மடங்கு குறைந்துபோச்சு. தலைகீழாகப் பிடித்து உலுக்குகிற குளியலும் வேண்டாம்.

இன்னொன்று, இடுப்பு நோய் இந்த ஒன்றுதான் என்று நினைக்காதீங்க. நாலிலிருந்து எட்டு வயசுக்குள், முக்கியமா ஆம்பளைப் பசங்க, விந்தி நடப்பாங்க, கேட்டால் முழங்காலைக் காட்டுவாங்க. முழங்காலை எக்ஸ்ரே எடுத்தால் ஒன்றும் இருக்காது. தொடை உருண்டைக்கு இரத்தம் போகாமல் உருண்டை நசுங்கும் நோய் அது, பெர்த்தஸ் என்று பேர். கர்நாடகாவில் உடுப்பிப் பக்கம் நிறைய. இடுப்புக்கும் முழங்காலுக்கும் ஒரே நரம்பு ஓடுவதால் இடுப்பின் வலி முழங்காலில் பேசும். "இடுப்பையும் பாருங்க சார்" என்று நீங்களே கேளுங்க. கைக்குழந்தைக்குக் காய்ச்சலோடு ஒரு காலை மட்டும் அசைக்காமல் வைத்திருந்தால், துணி மாற்றும்போது அலறினால், அது சீழ் பிடித்த மூட்டாக இருக்கலாம். அன்றைக்கே தூக்கிக்கிட்டு ஓடுங்க, ராத்திரியானால் 108.

தொடை மடிப்பு மாறியிருந்தாலே நோய்தான் என்றும் பயப்படாதீங்க. நல்ல குழந்தைக்கும் மாறியிருக்கும். ரெண்டு பக்கமும் விலகியிருந்தால் மடிப்பு சமமாகவே இருந்துவிடும், அப்போது நடை வாத்து மாதிரி இருக்கும். அதனால் சந்தேகம் என்றால் காட்டுங்க, அவ்வளவுதான். தலை திரும்பாமல் பிறந்த பெண் குழந்தை என்றால் சந்தேகமே இல்லாவிட்டாலும் ஆறாவது வாரத்தில் இடுப்பு ஸ்கேன் எடுக்கக் கேளுங்க. அந்த வயசில் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது, ஸ்கேன்தான்.

பேத்தி இப்போது நாலாங்கிளாஸ். ஓடறா. ஓடும்போது கொஞ்சம் சாய்வு இருக்கு, எனக்கு மட்டும்தான் தெரியும் என்று மகள் சொல்றா. வருஷத்துக்கு ஒரு தடவை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கணும், வளர்ந்து முடிகிற வரைக்கும். போன மாசம் பள்ளிக்கூடத்தில் கோகோவில் ஜெயித்து ஒரு எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்தா. அதில்தான் இப்போ எனக்கு டீ.

நேரம் ஆயிடுச்சு, தலைவி அம்மா கைக்கடிகாரத்தைக் காட்டறாங்க. ரெண்டு வயசுக்குள்ள குழந்தையோட வந்திருக்கிறவங்க, சாப்பாடு முடிஞ்சதும் பந்தலுக்குப் பின்னால் இருக்கும் புளியமரத்தடிக்கு வாங்க. ஒரு பாயும் ஒரு துணிப் பொம்மையும் கொண்டுவந்திருக்கேன். முழங்கால் மடக்கிப் பார்ப்பது எப்படி, தொடையை மெதுவா விரிப்பது எப்படி என்று காட்டறேன். வளத்தியிலிருந்து கிராம சுகாதார செவிலியரும் வர்றதா சொல்லியிருக்காங்க. அக்காவும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். மார்பு விஷயமா தனியா கேட்கணும் என்கிறவங்க அதுக்கிட்ட கேளுங்க, என்னைவிட அதுக்கு நல்லா சொல்லத் தெரியும்.